முகத்துக்கு நேரே

பெங்களூருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு சாயப்பட்டறையின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று அண்ணி தன் கட்டுரையைச் சத்தமாகப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பட்டறை முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டறையிலிருந்து என்ன நிறத்தில் தண்ணீர் வெளியேறுகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது, அது யார் வீட்டுக் கிணற்றில் போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் அண்ணி அவரிடமே வாசித்தார். லாரி போனால் நிறுத்திக்கொள்வார். சத்தம் அடங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடர்வார். நான் ஸ்கூட்டரை அணைக்கவே இல்லை. கல் பறந்தால் ஓடத் தயாராக இருக்க வேண்டாமா? கல் பறக்கவில்லை. முதலாளி கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். பெங்களூர் ஏரிகளில் என்ன கலக்கிறது என்று தமிழில் எழுத ஆளில்லாத காலத்தில், அல்சூரிலிருந்து வந்த ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். 'விஞ்ஞானிகள் கூறுகின்றனர்' என்ற பேச்சே அவர் எழுத்தில் இருக்காது. ஏரியில் நுரை பொங்கினால், நேற்று நம் வீட்டில் துணி துவைத்த தண்ணீர் எந்த வழியாக அங்கே போயிற்று என்று குளியலறையிலிருந்து ஆரம்பிப்பார். லிங்கராஜபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜில் எது குடிக்கிற தண்ணீர், எது அடுத்த மாதக் கட்டுரை என்று தெரியாமல், அண்ணன் பாதி நாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். அதை வைத்து அவரைக் கேலி செய்வது எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

யாரைக் குற்றம் சொல்லி எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டிவிடுவது அண்ணியின் வழக்கம். பத்திரிகை ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கும் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாராவது அடிப்பார்களா? ஒருமுறை கேட்டே விட்டேன். "மூஞ்சியைப் பாத்துப் படிக்க முடியலைன்னா, ஒண்ணு அந்த வரி பொய்யா இருக்கும், இல்ல நான் கோழையா இருப்பேன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். படித்துக் காட்டிய பிறகு யார் கெஞ்சினாலும், மிரட்டினாலும் கட்டுரை வராமல் இருந்ததில்லை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

அண்ணி போய்ச் சில வருஷங்களாகிவிட்டன. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அதே பத்திரிகையில் இப்போது நான் எழுதுகிறேன். அவர் அளவுக்கு வராது. போன மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அண்ணனும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அதன் கழிவுநீரைச் சுத்தம் செய்யக் கீழ்த்தளத்தில் ஒரு மெஷின் உண்டு. அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாளில் மட்டும் அது ஓடும். மற்ற நாளெல்லாம் கழிவு அப்படியே மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என் அண்ணன்தான். கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். அவரிடம் போய்ப் படிக்கத்தான் கால் எழவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர், எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ஆள். வீட்டுக்குள்ளேயே நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். கீழே போய்க் கொத்தமல்லி வாங்கிவந்து, எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொறுக்க முடியாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். காபியைக்கூடத் தொடாமல் கட்டுரையை எடுத்துப் படித்தேன். கடைசி வரி வரைக்கும் நிறுத்தவில்லை. அண்ணன் கோபப்படுவார், நன்றி கெட்டவள் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இதை எனக்கு ஏற்கெனவே ஒருத்தி படிச்சுக் காட்டிட்டாம்மா" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"உன் அண்ணிதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி. நாளையிலேர்ந்து மெஷினை ஓட்டறேன்னு அவ கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணினேன். சரின்னு கட்டுரையக் கிழிச்சுப் போட்டுட்டா. அவ இருந்த வரைக்கும் ஓட்டினேன்."

அண்ணன் மேல் வர வேண்டிய கோபம் அண்ணி மேல் வந்தது. அத்திபெலே முதலாளிக்குக் காட்டாத சலுகையை எங்கள் வீட்டுக்குக் காட்டியிருக்கிறார். கேட்டிருந்தால் அந்த ஆளும்தான் சத்தியம் பண்ணியிருப்பார். இதை எழுதாமல் விட்டால் என் கட்டுரை பொய். எழுதினால், அண்ணியின் எழுத்தைப் படித்துத் தண்ணீரைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொண்ட எத்தனையோ பேர் மனதில் அவர் இறங்கிப்போவார். அண்ணன் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து, கோபம் ஆறுவதற்குள் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. இது அண்ணியைக் குற்றம் சொல்லும் பத்தி. இதை யாரிடம் போய்ப் படிப்பது? அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படி. அவ சார்பா நான் கேக்கறேன்."

படித்தேன். 'கணவருக்காக அவர் இந்த உண்மையை மறைத்தார்' என்ற வரி வந்ததும், போதும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

"மறைக்கலம்மா. என்னை நம்பினா. அதை எழுது."

அந்த வரியை அடித்துவிட்டு, கணவரை நம்பினார் என்று எழுதினேன். எழுதியதை அவர் முகத்தைப் பார்த்து மறுபடி படித்தேன். அன்று மதியமே கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது.