லண்டன் ராபர்ட் எடுத்த நாரை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெள்ளத்துரை, பதினொரு ஆண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளின் படிப்பைத் தன் தோளில் சுமந்து வருகிறார். எரிமலையோ சூரியக் குடும்பமோ, தலைப்பைச் சொன்னால் போதும். இணையத்தில் படம் தேடி, கலரில் அச்செடுத்து, சார்ட்டில் ஒட்டியே கொடுத்துவிடுவார். படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர் இருந்தால், ஏதோ அழுக்குப் பட்டதுபோல் வெட்டி எறிவார். அடியில் 'நன்றி: கூகுள்' என்று போடுவார்.

இந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக வந்த ஜாய்லின் டீச்சர், ஏழாம் வகுப்பின் பறவை சார்ட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாணவி அனுவின் அம்மா ஜெயசித்ரா கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, கூகுள் படம் எடுக்காதாம். தேடித்தான் குடுக்குமாம். எடுத்தவுக பேரு, எந்தப் பக்கத்துல கெடச்சுதுன்னு எழுதணுமாம்."

"எடுத்தவன் பேரா? அவனா பரீட்சை எழுதப் போறான்?"

அனுவின் சார்ட்டில் இருந்தது சங்குவளை நாரை. வெள்ளத்துரை அதை உற்றுப் பார்த்தார். வெளிநாட்டுக் களை தெரிந்தது. 'படம்: ராபர்ட், லண்டன்' என்று அடித்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாருக்கும் அதே நாரை, அதே ராபர்ட்.

அந்தச் சார்ட்டுகளை வைத்து நடந்த பள்ளிக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் வாசுதேவநல்லூர் வேல்சாமி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் பறவைகளைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறவர். அனுவின் சார்ட் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"மக்கா, இது எங்க ஊர்க் கொளம்லா? முழங்கால் சேத்துல நின்னு நான் எடுத்த படம். ராபர்ட் யாரு?"

"தெரியாது சார். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி போட்டுத் தந்தாவ."

"அப்ப இதுல நீ என்ன செஞ்ச?"

அனு யோசித்தாள். "தூக்கிட்டு வந்தேன் சார்."

ஒன்பது சார்ட்டுகளுக்கும் டீச்சர் முட்டை போட்டார். மறுநாள் பெற்றோர்கள் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். பொய் சொன்னதற்காக அல்ல, மாட்டிக்கொள்ளும்படி சொன்னதற்காக. வேல்சாமியும் வந்து சேர்ந்தார்.

வெள்ளத்துரை அசரவில்லை. "பேரு தெரியணும்னா படத்துல போட்டிருக்கணும் வே."

"போட்டுத்தான் இருந்தேன். நீருதான் வெட்டிட்டீரு."

கூட்டம் சிரித்தது. வேல்சாமி மவுசை வாங்கி, தேடலில் வந்த படத்தைத் தட்டி, அது இருந்த பக்கத்துக்குப் போனார். எடுத்தவர் பெயர், இடம், தேதி, 'பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்' என்ற அனுமதி, எல்லாம் அங்கே இருந்தன. படத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் உண்டு என்பதே வெள்ளத்துரைக்கு அன்றுதான் தெரிந்தது. முகம் கறுத்துப்போனது. ஒன்பதையும் புதிதாக அச்செடுத்தார்.

'படம்: வேல்சாமி, வாசுதேவநல்லூர்'. அதன் கீழே பக்கத்தின் முகவரி, பார்த்த தேதி. டீச்சர் கேட்ட அத்தனையும் சரியாக இருந்தன, மதிப்பெண்ணும் கிடைத்தது. கடைசி வரியைத்தான் யாரும் கேட்கவில்லை. 'தேடிக் கொடுத்தவர்: வெள்ளத்துரை.' வேல்சாமியின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில்.