காலி பெர்த்

ஃபீனிக்ஸ் பே கப்பல் அலுவலகத்தில் ஹட் பே போகும் கப்பலில் பயணிகளுக்குப் படுக்கை ஒதுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்னக் கணினி நிரல் என் பொறுப்பு. பெயரின் நடுவே இடைவெளி இருந்தால், அது ஒருவரை இருவராகப் பிரித்து இரண்டு பெர்த் கொடுத்துவிடும்; ஒன்று காலியாகவே கிடக்கும். நிரலில் பெயரைத் தாங்கும் மாறிக்கு மேற்கோள்குறி போட்டுத் திருத்தினேன். கப்பல் நிரம்பியது, எனக்குப் பெருமை தாளவில்லை.

அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் வந்து டிக்கெட் கேட்டாள். கவுன்டரில் இருந்த செல்வி என்னைப் பார்த்தாள்.

“நீ சரி பண்ணிட்ட. அந்தக் காலி பெர்த்தைத்தான் இப்படி பச்சாவோட வர்றவங்களுக்குக் குடுப்பேன்.”

அந்தப் பெண் டெக்கில் உட்கார்ந்துதான் ஊர் போனாள்.

மறுநாள் இரண்டு பெர்த்தை யாருக்கும் தராமல் நிறுத்திவைக்க ஒரு வரி சேர்த்தேன். இப்போதெல்லாம் எந்தப் பிழையைத் திருத்தும் முன்பும், அதை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று செல்வியிடம் கேட்டுக்கொள்கிறேன்.