மாட்டுக்குப் போட்ட ஊசி

எங்கள் ஊர் கிராயன்வேனில் ஒன்பது வீடுகள். அடுப்பெரிக்கும் சதுப்பு மண்ணை வெட்ட வந்தவர்கள் கால்வாய் ஓரமாகக் குடிசை போட்டதுதான் ஊரின் தொடக்கம். வெட்டிய மண் படகேறி நகரத்துக்குப் போனது. அதில் வந்த லாபமும் அதே படகில் போனது. எங்களுக்கு மிஞ்சியவை தண்ணீர் தேங்கும் பள்ளங்கள், கொஞ்சம் மாடுகள், ஞாயிறு இரண்டு முறை ஏழு கிலோமீட்டர் நடந்துபோய்க் கேட்கும் பிரசங்கம்.

ஃபென்னா ஏழாவது வீட்டில் பிறந்தாள். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, சபை மூப்பர் ஓஸ்டிங்கின் பண்ணையில் பால் கறக்கப் போனாள். அங்கேயே வேலை பார்த்த வோல்டரைக் கட்டிக்கொண்டு எட்டாவது வீட்டுக்கு வந்தாள். ஆல்டி பிறந்தாள், ஐந்து வருடம் கழித்து லூகாஸ். ஊரைவிட்டு அவள் அதிகம் போனதில்லை. போக வேண்டும் என்று கேட்டதுமில்லை.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் உடலைத் தொடக் கூடாது. பக்கத்து வீடு வந்து குளிப்பாட்டும், உடுத்தும், படுக்கைத் துணிகளைத் துவைக்கும். அழுகிறவர்களுக்கு வேலை கொடுக்காதே என்பதுதான் அதன் பொருள். நல்ல வழக்கம்தான்.

அறுபதுகளில் ஒரு கோடையில் பக்கத்து வீட்டு யாக்கோபாவின் நான்கு வயது மகன் இளம்பிள்ளை வாதத்தில் இறந்தான். ஃபென்னா முறை தவறாமல் அவனைக் குளிப்பாட்டினாள். அவன் படுக்கை விரிப்புகளைக் கால்வாய்ப் படியில் அலசினாள். ஆல்டி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாவட்டச் செவிலி மொபெட்டில் வந்து கதவைத் தட்டினாள்.

"புதன்கிழமை பள்ளிக்கூடத்துல ஊசி போடறோம். ரெண்டையும் கூட்டிட்டு வாங்க. காசு கிடையாது. நீங்க ஊத்தின காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்" என்றாள் ஃபென்னா.

வோல்டர், "மூப்பர்கிட்ட கேளு" என்றான்.

மூப்பர் தொழுவத்தில் இருந்தார். பேச்சைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ஃபென்னா, வியாதியும் ஆண்டவர் கையில, சுகமும் அவர் கையில. நாம குறுக்கே நிக்கலாமா?"

"உங்க முப்பது மாட்டுக்கும் கோமாரி ஊசி போட்டீங்களே ஐயா? கயிறைப் பிடிச்சது நான்தான்."

"அது சர்க்கார் கட்டாயம். போடலைன்னா பாலை எடுக்க மாட்டான்."

"அப்போ என் பிள்ளைங்களையும் எவனாவது பாலுக்கு எடுத்தாத்தான் ஊசி போடலாமா?"

"வாயை அடக்கு. உன் புருஷன் இங்கதான் வேலை பார்க்கிறான்."

புதன்கிழமை வந்தது, போனது. வோல்டர் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அடுத்த வாரம் ஆல்டிக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் கால்கள் அசையவில்லை. நான்காம் நாள் மூச்சும் நின்றது. அவளுக்கு ஆறு வயது. நோய் எங்கிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஃபென்னாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளிப்பாட்ட யாக்கோபா வந்தாள். பாதியில் நிறுத்தி, கதவு பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நர்ஸ் மறுபடி எப்ப வர்றா?"

"வர்ற புதன்."

"நீ போறியா?"

"லூகாஸைத் தூக்கிட்டு நடந்தே போவேன்."

"என் பொண்ணையும் கூட்டிட்டுப் போ. என் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். வாசல்ல நிறுத்தி வைக்கிறேன்."

புதன் காலை வோல்டர் சைக்கிள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஃபென்னா லூகாஸை முன்னால் உட்காரவைத்து, யாக்கோபாவின் ஒன்பதாவது வீட்டு வாசலில் நின்று மணி அடித்தாள். ஜன்னல் திரை அசைந்தது. பெண் வரவில்லை. மறுபடி அடித்தாள். திரை மூடிக்கொண்டது.

பாலத்தில் மூப்பர் நின்றிருந்தார்.

"என்ன ஃபென்னா, ஆண்டவரைவிடச் சைக்கிள் வேகமாப் போகுமா?"

"உங்க மாட்டு டாக்டரைக் கேளுங்க ஐயா, அவருக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவள் நிற்காமல் மிதித்தாள்.

லூகாஸுக்கு ஊசி போட்டாயிற்று. வோல்டருக்கு வேலை போயிற்று. தூரத்துச் செங்கல் சூளைக்குத் தினம் போய் வந்தான். ஃபென்னாவோடு தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார ஆள் இல்லாமல் போனது. யாக்கோபா கால்வாய்ப் படிக்கு அவள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள்.

யாக்கோபாவின் பெண்ணுக்கு நோய் வரவில்லை. வெறும் அதிர்ஷ்டம். ஊசி போடாமலே ஆண்டவர் காத்த பிள்ளை என்று மூப்பர் அவளைச் சபைக்குச் சபை சாட்சியாகக் காட்டினார். ஆல்டியின் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.