சைக்கிளில் வெட்டிய இரண்டு எழுத்து

சைக்கிளின் வயதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் அடித்திருக்கும் எண், மூட்டுகளின் வடிவம், பிரேக் கம்பி போகும் வழி என்று நாலைந்தைப் பார்த்தால் போதும், ஃபிரேம் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பஸ் கூரையில் ஒரு சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர். அறுபத்தொன்றில் அவருக்குக் கல்யாணம் ஆனபோது அவருடைய அப்பா மாப்பிள்ளைக்குக் கொடுத்த சைக்கிள் அது. பழைய வண்டிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டார் என்று மாமியார் சாகும்வரை குத்திக்காட்டினாராம்.

"ஓட்டுததுக்கு இல்ல தம்பி. எங்க அய்யா குடுத்தது புதுசா பழசான்னு மட்டும் சொல்லுங்க."

எண்ணைத் துரு தின்றிருந்தது. ஃபிரேமைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பச்சைப் பெயிண்டை லேசாகச் சுரண்டினேன். 'சு', 'க' என்று உளியால் வெட்டிய இரண்டு எழுத்து தெரிந்தது. பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற மாதிரி சைக்கிளுக்கும் வெட்டுகிற ஆட்கள் இங்கே உண்டு. அவருடைய அப்பாவின் பேரிலும் கணவரின் பேரிலும் அந்த எழுத்துகள் இல்லை.

"வேற யாரோ பேர் வெட்டி வச்சிருந்த வண்டிக்கா. பழசுதான்" என்றேன், டாக்டர் மாதிரி.

அக்கா சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு பையோடு வந்தார். உள்ளே கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடம். கழுத்தில் அவர் பேர், அதையடுத்து அதே 'சு', அதே 'க'.

"அப்போ எவன் வீட்டுக் குடத்தத் தம்பி எங்க அய்யா எனக்குக் குடுத்தாவ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தமிழ் எண்ணில் ஆறு 'சு' மாதிரி இருக்கும், ஒன்று 'க' மாதிரி இருக்கும். அது பேர் இல்லை, கல்யாண வருஷம், அறுபத்தொன்று. பழைய பத்திரங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சைக்கிள் என்றதும் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை.

லென்ஸை வைத்து மறுபடி பார்த்தேன். வெட்டுக்குள் பச்சை இறங்கியிருந்தது. அது கணவர் பின்னால் அடித்தது என்றார் அக்கா. பச்சைக்குக் கீழே ஒரே ஒரு கறுப்புப் பூச்சு, அதுவும் கம்பெனியில் சூடேற்றிப் பூசியது. உளி பட்ட இடத்தில் கண்ணாடி மாதிரிச் சிதறியிருந்தது. கையால் அடித்த பெயிண்ட் அப்படிச் சிதறாது. கல்யாணத்தின்போது அந்த வண்டிக்கு யாரும் மறு பெயிண்ட் அடித்திருக்கவில்லை.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க. உங்க அய்யா புதுசுதான் குடுத்திருக்காவ."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவினார்.

"மாமியா பேச்சக் கேட்டு நானும் ஒரு நா எங்க அய்யாட்ட கேட்டுட்டேன் தம்பி, 'ஏன்யா, பழசத்தான குடுத்தீய?'ன்னு. கொண்டாந்த கடல மூட்டைய எறக்கி வச்சிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாவ. அதுக்குப் பெறவு எங்க வீட்டுக்கு வரவே இல்ல."