நனைக்காத கடலை

ஜெர்மனியில் எதற்கெதற்கோ பழகிவிட்டேன், கதவுகளுக்கு மட்டும் இன்னும் இல்லை. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். போன மாதம் ஒரு காலையில் ஆய்வறைக் கதவில் சிவப்பு எரிந்தது. முந்தைய நாள்தான் ஆய்வகத் தலைவரிடம் நான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லியிருந்தேன். கைகுலுக்கி வாழ்த்திய மனிதர் வேலையைப் பறித்துவிட்டார் என்று நினைத்து, அவர் முன்னால் போய் நின்று அழுதேன். அவர் பதறிப்போனார். "வேலை இருக்கிறது. அந்த அறைதான் வேண்டாம். உள்ளே நஞ்சு இருக்கிறதே," என்றார், எனக்குப் புரியும்படி மெதுவாக.

அங்கே நாங்கள் வளர்ப்பது நிலக்கடலையில் பிடிக்கும் ஒரு பூஞ்சை. எப்போதும் அது நஞ்சு சுரப்பதில்லை. அதன் மரபணுக்களில் ஒன்று விழித்து மற்றவற்றை எழுப்ப வேண்டும். கடலை முற்றும் நேரத்தில் வெயிலும் வறட்சியும் வாட்டினால் அது விழித்துக்கொள்ளும். அதை எப்படித் தூங்கவைப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. நான் பிறந்த ஆலங்குடிப் பக்கம் இதற்குப் பூசணம் என்று பெயர். துடைத்துவிட்டுத் தின்போம்.

புது மேசையில் உட்கார்ந்ததும் ஊரிலிருக்கும் தங்கை செல்வியை வீடியோவில் அழைத்தேன். அவளும் மாசமாக இருக்கிறாள். மற்றப் பெண்களோடு உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடு இளகுவதற்காக முதல் நாளே தண்ணீர் தெளித்து மூடிவைத்த கடலை; அந்த ஈரத்திலும் பூசணம் படரும். விரல் வலித்ததோ என்னவோ, ஒன்றைப் பல்லில் கடித்து உடைத்தாள். நான் கத்திவிட்டேன்.

"அடியே, வாயில வைக்காதடி! அந்தப் பூசணத்துக்குப் பயந்துதான் என்னையவே வெளிய உக்கார வச்சிருக்காங்க."

"ஒனக்குக் கதவு இருக்கு, பூட்டுறாங்க. இங்கிட்டு எதக்கா பூட்டுறது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.  இத்தனை வருடம் மரபணுவோடு மல்லுக்கட்டிய என்னால் அவளுக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான்: நனைக்காதே, பூசணம் கண்டதைப் பொறுக்கி எறி, பல்லில் கடிக்காதே.

"காஞ்ச கடலைய ஒடைக்கச் சொன்னா கூட இருக்கவங்க சண்டைக்கு வருவாங்க. சொல்லிப் பாக்குறேன்," என்றாள்.

நேற்று அவளே அழைத்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. "தண்ணி தெளிக்கலக்கா. எங்க மாமியாவே, புள்ளதான் முக்கியம்னுட்டாங்க. எல்லாரும் ஒன்னயத்தான் வையிறாங்க, போ. சரி, போன வயித்துல வையி."

வைத்தேன். "சித்தி பேசுறேன்டா தங்கம், கேக்குதா?"

உள்ளே மெல்ல ஏதோ புரண்டது. முதல் அசைவு. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

அறையிலிருந்த சக ஊழியர், காற்று மாறட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். பனி உள்ளே வந்து மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையில் செல்வி, மறு கைக்குக் கீழே பிள்ளை. ஜன்னலை அடைக்க எனக்குக் கையில்லை.