சோப்பு மணத்த தேயிலை

அபூ மிக்தாத் ஒரு வேலையை முடிப்பதற்குள் ஒரு போரே தொடங்கி முடிந்துவிடும் என்று எங்கள் சந்தில் கேலி பேசுவோம். பஸ்ராவில் அந்த வருஷம் அது அப்படியே நடந்தது.

அவர் பெயர் ஜாசிப். மூத்த மகன் மிக்தாத் பிறந்த நாளிலிருந்து, மிக்தாதின் தகப்பன் என்று அவர் அபூ மிக்தாத், தாய் என்று அவர் மனைவி பதூர் உம்மு மிக்தாத். மரியாதைக்கு அவரை ஹாஜி என்றும் கூப்பிடுவோம். எங்கள் சந்தின் ரேஷன்காரர் அவர்தான். தனிக் கடை கிடையாது, வீட்டு முன்னறையே கடை. வாலிபத்தில் ஆற்றைக் கடக்கும் படகில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பலகை நிறையாமல் படகை நகரவிட மாட்டாராம். பிரசவத்துக்குப் போகிற பெண் உள்ளே உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாலும், "இன்னும் ரெண்டு பேரு, என் கண்ணு, ரெண்டே ரெண்டு பேரு" என்பாராம். ஈரானோடு நடந்த போரில் அந்தப் படகுகள் போயின. பிறகு பொருளாதாரத் தடை வந்து, அரசாங்கம் ரேஷன் கொடுக்க ஆரம்பித்தபோது இந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். படகுதான் மாறியது, ஆள் மாறவில்லை.

ரேஷன் சாமான் கிடங்கிலிருந்து ஒன்றாக வராது. அரிசி ஒருநாள், பருப்பு ஒருநாள், தேயிலை இன்னொரு நாள் என்று வரும். மற்ற சந்துகளில் வந்தது வந்தபடி கொடுத்துவிடுவார்கள். இவர் கொடுக்க மாட்டார். எல்லாம் வந்து சேர வேண்டும், ஒரே நாளில் ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டும்.

"அரிசிக்கு இன்னைக்கு ஒரு நடை, பருப்புக்கு நாளைக்கு ஒரு நடைன்னு அலைஞ்சா உன் காலு என்னத்துக்கு ஆகும், ஸப்ரிய்யா?" என்பார் என்னிடம்.

"என் காலு என் பாடு. நீங்க என் தேயிலையைக் குடுங்க."

நான் அடுத்த வீட்டுக்காரி, துணி தைத்துப் பிழைக்கிறவள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் அரை மணிக்கொரு தரம் எனக்கு டீ வேண்டும். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் மாதா மாதம் சண்டை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், தராசில் அவர் கை படாது. பருப்பில் கல் கிடந்தால் அது அரசாங்கம் போட்ட கல், அவர் போட்டதில்லை.

போர் வரப்போகிறது என்று ரேடியோ அலறிக்கொண்டிருந்தபோது கடைசிச் சரக்கு வந்தது. அந்தத் தவணைக்கு மூன்றே பொருள்தான். தேயிலையும் சோப்பும் வந்துவிட்டன, சர்க்கரை வரவில்லை. நான் போய் முன்னறையில் நின்றேன்.

"அபூ மிக்தாத், குண்டு விழப்போகுது. தேயிலையையாவது குடுத்துடுங்க."

"சர்க்கரை வரலையே."

"சாகிறவளுக்கு எதுக்குய்யா சர்க்கரை?"

"அபசகுனமா பேசாத. சர்க்கரை வரட்டும், சேர்த்து வாங்கிக்க."

சர்க்கரைக்குப் பதில் போர் வந்தது. அது முடிந்ததும் கொள்ளை தொடங்கியது. அரசாங்கக் கட்டடம் ஒவ்வொன்றையும் காலிசெய்தார்கள். ஒருவன் பல் டாக்டரின் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் சந்து வழியாகவே போனான். அதற்கு மறுநாள் காலை அபூ மிக்தாத் தன் முன்னறைக் கதவு இரண்டையும் அகலத் திறந்துபோட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தராசைத் தவிர ஒன்றும் இல்லை.

"எல்லாம் போச்சு. ராத்திரி வந்து அள்ளிட்டுப் போயிட்டானுங்க!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் உரக்கச் சொன்னார். தெரியாத ஆட்களையும் கூப்பிட்டுச் சொன்னார். போருக்குப் பயந்து ஸுபைரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த உம்மு மிக்தாத் திரும்பிவந்து, வெற்று அறையைப் பார்த்து அழுதாள்.

அதன்பின் எங்களுக்கு டீ கிடையாது. சந்தையில் கேட்ட விலைக்கு நான் தங்கப்பல்தான் கழற்றிக் கொடுக்க வேண்டும், எனக்குத் தங்கப்பல்லும் இல்லை. எல்லா வீட்டிலும் காய்ந்த எலுமிச்சையைக் கொதிக்கவைத்துக் குடித்தோம். வயிற்று வலிக்கு அது நல்லதுதான். வயிறு வலிக்காதவள் அதை எத்தனை நாள் குடிப்பாள்?

சந்து முனையில் ஹாத்திம் என்று ஒருவன் கடை வைத்திருந்தான். புது ஜெனரேட்டர், புது மீசை. அவன்தான் முதலில் கிளப்பிவிட்டான். "கொள்ளைக்காரன் தேயிலையைத் தூக்குவான், சோப்பைத் தூக்குவான், அவ்வளவு நல்ல தராசை மட்டும் விட்டுட்டுப் போவானா? வித்துத் தின்னுட்டாரு உங்க ஹாஜி!"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஒரு கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு மரியாதை இருக்குமா என்று நானே யோசித்தேன். ஆனால் அபூ மிக்தாத் ஒரு பொருளை விற்கும் அளவுக்குச் சீக்கிரம் முடிவெடுப்பார் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு விஷயமும் என் கண்ணில் உறுத்தியது. கொஞ்ச நாளில் குழாயில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்து, எல்லார் வீட்டு மொட்டை மாடித் தொட்டியும் நிரம்பியது. அபூ மிக்தாத் வீட்டுத் தகரத் தொட்டி மட்டும் நிரம்பவில்லை. அதில் குண்டு பட்டு ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லி, வால்வை மூடி, ஏணியையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டார். அவர் மனைவி தினமும் இரண்டு வாளியோடு என் வீட்டுக் குழாய்க்கு வந்து நிற்பாள்.

"ஓட்டையை அடைக்க ஆளைக் கூப்பிடுங்கன்னா, ஆளே கிடைக்கலைங்கிறாரு" என்று பொருமுவாள். "ஸப்ரிய்யா, நீயே சொல்லு. இந்த ஊர்ல இப்ப ஓட்டை அடைக்கிறவனைத் தவிர வேற யாருக்கு வேலை இருக்கு?"

கோடை தொடங்கியபோது அந்த அறிவிப்பு வந்தது. ரேஷன் மறுபடி ஓடப்போகிறது, பழைய ரேஷன்காரர்களே கொடுப்பார்கள். ஆனால் பிடிக்காத குடும்பம் தன் அட்டையை வேறு ஆளிடம் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கெடு நாளும் வைத்தார்கள். அன்று மதியத்துக்குள் ரேஷன்காரர் தன்னிடம் சேர்ந்த அட்டைகளை அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

ஹாத்திமுக்குக் கால் தரையில் படவில்லை. வீடு வீடாகப் போய், "எனக்கும் ரேஷன் எடுக்க அனுமதி குடுத்திருக்காங்க, அட்டையை என்கிட்ட குடுங்க. எங்கிட்ட வந்தது வந்த அன்னைக்கே கிடைக்கும்" என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அபூ மிக்தாத் என் வாசலுக்கு வந்தார். அவர் முகம் கறுத்துக் கிடந்தது. ஆறு போனது, படகு போனது. இந்தத் தராசும் போனால் அந்த வயதில் அவர் என்ன செய்வார்? எனக்குப் பாவமாக இருந்தது.

"ஸப்ரிய்யா, நீயும் அட்டையை மாத்தப் போறியா?"

"நெசத்தைச் சொல்லுங்க. என் தேயிலை எங்க?"

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "சர்க்கரை வரட்டும்" என்றார்.

மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கெடுவுக்கு முந்தின நாள் சர்க்கரை வந்தது. லாரியில் மூட்டைகளுக்கு மேலே கால் மேல் கால் போட்டு அவரே உட்கார்ந்து வந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். தகரத் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். அது தேயிலை. அடுத்தது சோப்பு. அதற்கடுத்தது மறுபடி தேயிலை.

சந்தே வாயைப் பிளந்து நின்றது. பிறகு யாரோ ஒருத்தி குரவையிட, எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டோம். கல்யாண வீடு தோற்றது. உம்மு மிக்தாத் மட்டும் குரவையிடவில்லை. இடுப்பில் கை வைத்து, அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை, தேயிலை, சோப்பு எல்லாவற்றையும் அன்றே எடைபோட்டுக் கொடுத்தார். நான் ஓட்டமாக ஓடி மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தேன். தேயிலை கொதித்தது. நிறம் அருமை. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன்.

குளித்தது போல இருந்தது.

நாக்கு, தொண்டை, மூக்கு எல்லாம் ரேஷன் சோப்பு. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் முதுகு தேய்த்துக் குளித்த அதே வாசனை! பஸ்ரா வெயிலில், மூடின தகரத்துக்குள், தேயிலையும் சோப்பும் இரண்டு மாதம் ஒன்றாக வெந்திருக்கின்றன. இந்த மனிதருக்கு எல்லாவற்றையும் சேர்த்தே வைத்துப் பழக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துப்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் டீக் கெண்டியும் கையுமாக அவர் வாசலில் கூடிவிட்டோம்.

"ஹாஜி, இது குடிக்கவா, துவைக்கவா?"

"என் வீட்டுக்காரரு ஏப்பம் விட்டா நுரை வருது!"

அபூ மிக்தாத் ஒரு கிளாஸை வாங்கிக் குடித்துப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஹாத்திம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் சொல்லலை? நல்ல தேயிலையை வித்துட்டாரு. நாளைக்கு அட்டை போயிடும்னு பயந்து, கெட்டுப்போனதை எங்கயோ வாங்கி நேத்து ராத்திரி தொட்டியில போட்டிருக்காரு. நாடகம்!"

இரண்டு மூன்று பேர், "இருக்கும், இருக்கும்" என்றார்கள். நான் ஏதாவது சொல்வதற்குள் உள்ளேயிருந்து உம்மு மிக்தாத் வந்தாள். கையில் ஒரு சோப்புக் கட்டி. அதை நேராக ஹாத்திமின் மூக்கில் கொண்டுபோய் அழுத்தினாள்.

"மோந்து பாருடா! நல்லா மோந்து பாரு! சோப்புல என்ன வாசனை அடிக்குது?"

ஹாத்திம் தும்மினான். "தேயிலை" என்றான்.

"ராத்திரி போட்ட சோப்புல காலையில தேயிலை மணக்குமா? பாரு, உள்வரைக்கும் பழுப்பேறிக் கிடக்கு! ரெண்டு மாசமா ரெண்டும் ஒண்ணா வெந்திருக்கு. ரெண்டு மாசமா நான் வாளி தூக்கியிருக்கேன்! என் தோளைப் பாரு!"

ஹாத்திமை அப்படியே விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஓட்டையாம் ஓட்டை! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"உன்கிட்ட சொன்னா சந்துக்கே சொன்ன மாதிரி" என்றார் அவர் மெதுவாக. "சந்துக்குத் தெரிஞ்சா கொள்ளைக்காரனுக்குத் தெரியும்."

"சரி, கொள்ளை அடங்கிச்சே. அப்பவே இறக்கிக் குடுத்திருக்கலாமில்ல?"

"எப்படிக் குடுக்கிறது? சர்க்கரை வரலையே."

முதலில் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன். பிறகு சந்து முழுக்கச் சிரித்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர் தொடங்கியதிலிருந்து நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. ஹாத்திம் எப்போது நழுவினான் என்று யாரும் பார்க்கவில்லை. சோப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் அன்று யாரும் அட்டை கொடுக்கவில்லை. சிரித்து முடித்து, கெண்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அபூ மிக்தாத் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தேயிலையைக் கெடுத்த ரேஷன்காரரிடம் யார் இருப்பார்கள் என்று அவரே தீர்ப்பெழுதிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் அட்டையை எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் தேயிலைக்காகத்தானே அவள் வாளி தூக்கினாள்? வாசலைத் திறந்தால், எதிர் வீட்டுக்காரியும் அதேபோல ஒரு கையில் அட்டையும் மறு கையில் வாளியுமாக நிற்கிறாள். நாங்கள் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்து நீளத்துக்கு வரிசை நின்றது.

உம்மு மிக்தாத் வெளியே வந்து வரிசையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட்டையை அந்த மனுஷன்கிட்ட குடுங்க, வாளியை என்கிட்ட குடுங்க" என்றாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வாளி வாளியாக ஊற்றினோம். மேலேயிருந்து வழிந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு சந்தில் ஓடியது.

அபூ மிக்தாத் ஒவ்வொரு அட்டையையும் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக்கொண்டே இருந்தவர், வெயில் ஏறிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"கிளம்புங்க, மதியத்துக்குள்ள ஆபீசுல காட்டணுமில்ல!" என்று கத்தினேன்.

"இன்னும் ஒரு வீடு வரலை, என் கண்ணு. ஒரே ஒரு வீடு."

"எந்த வீடு அது? போனாப் போகுது! வாங்கினதெல்லாம் வீணாப் போகப்போகுது!"

மாடியிலிருந்து உம்மு மிக்தாத் காலி வாளியைக் காட்டி மிரட்டினாள். அவர் அசையவில்லை. சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த முனையிலிருந்து ஒரு பெண், பாதித் தண்ணீர் சிந்திப்போன வாளியோடு மூச்சு வாங்க வந்தாள். ஹாத்திமின் தாய். வாளியைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க ஹாஜி. என் மகன் எடைபோடுற லட்சணத்தை நான் பார்த்திருக்கேன்."

அபூ மிக்தாத் அதை வாங்கி மற்ற அட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். அப்புறம்தான் எழுந்து செருப்பை மாட்டினார்.