வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி

டிராக்டர்காரர் படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் அந்தப் பக்கத்தில் முதன்முதலாகச் சொந்த டிராக்டர் வாங்கியது யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவர் வீட்டைத்தான் கைகாட்டும். கூலிக்குக் களையெடுத்துத் தலையெடுத்த ஆள். யார் தயவிலும் நின்றதில்லை. யார் பேச்சையும் கேட்டதுமில்லை.

புழு துளைக்காத புது மஞ்சள் மக்காச்சோள விதை வந்தபோதும் அப்படித்தான். மரபணுவையே மாற்றியிருக்கிறார்களாம், யோசித்துச் செய் என்று நாலு பேர் சொன்னார்கள். அவர் துணிந்து போட்டார். அதுவரை மருந்து கலக்கிக் கலக்கி மனைவியின் கையெல்லாம் தோலுரிந்து கிடந்தது. அதற்கப்புறம் மருந்துத் தொட்டி மூலைக்குப் போனது, கையும் ஆறியது. வேறென்ன வேண்டும்?

ஓடைக்கு அந்தப் பக்கம் தம்பியின் நிலம். அவன் போடுவது வெள்ளை மக்காச்சோளம். வருஷா வருஷம் நல்ல கதிராகப் பொறுக்கி அவனே சேர்த்த விதை. மாற்றாத விதைதான் வேண்டும் என்பவர்கள் அவனைத் தேடி வருவார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் காற்றிலேயே கலந்துவிடும். அதனால் அண்ணன் முதலில் விதைப்பார், மூன்று வாரம் பொறுத்துத் தம்பி விதைப்பான். அது அவர்களுக்குள் பேசிவைத்தது.

அந்த வருஷம் அண்ணனின் விதைப்பு மழையில் அழுகிப்போனது. ஓசைப்படாமல் உழுதுவிட்டு மறுபடி விதைத்தார்.

"உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் நாளைக்கோ மறுநாளோ வெதைக்கப் போறார்" என்றாள் மனைவி.

"என் வெதை அழுகிப்போச்சுன்னு நானே போய்த் தமுக்கடிக்கணுமா? போய் வேலையப் பாரு."

அறுவடையின்போது தம்பி ஒரு கதிரோடு வந்தான். தோலை உரித்து நீட்டினான்.

"பாருங்கண்ணே. வெள்ளப் பல்லுக்கு நடுவுல தங்கப் பல்லு கட்டுன மாதிரி இருக்கு."

அவர் கதிரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளப் பொறுக்கிட்டா மிச்சம் வெள்ளைதானேடா?"

"மிச்சத்துல கலக்கலன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"பழைய வெதை கொஞ்சம் இருக்குமே?"

"கேக்கறவங்க அதிகம்னு இருந்ததெல்லாம் போட்டுட்டேன்."

"உன்கிட்ட வாங்குனவங்ககிட்ட?"

"அவங்க எதுக்கு எடுத்து வெக்கப் போறாங்க? நான்தான் இருக்கேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவுதானேண்ணே."

அவர் கதிரைத் தம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

போகும்போது தம்பி வாசலில் நின்று கேட்டான். "உங்க வெதை எந்தக் கடையில கெடைக்கும்?"

சொன்னார்.

நல்ல விதைதான் அது. அதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இப்போது ஓடையின் இரண்டு கரையிலும் அதே மஞ்சள்தான். யார் முதலில் விதைப்பது என்று பேசத் தம்பி இப்போதெல்லாம் வருவதில்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லை.